டோல்கேட்டைத் தூக்கினால் ஜிஎஸ்டி ரோடு நெரிசல் தீருமா?

20 ஆகஸ்ட் 2025, காலை. மறைமலை நகர் வாசகர் கேட்டது

கேரளாவின் பாலியேக்கரை டோல் வழக்கில் தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் நேற்று தள்ளுபடி செய்துவிட்டது. ரோடு நகரவில்லை என்றால் காசு கேட்காதே என்பதுதானே அதன் சாரம்? செங்கல்பட்டு பக்கத்தில் இருக்கும் நம்ம பரனூர் டோல்கேட்டுக்கும் இதே மாதிரி வழக்கு போடலாமே. டோல்கேட்டைத் தூக்கினாலே, சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜிஎஸ்டி ரோட்டில் பாதி நெரிசல் குறையும் என்பது என் கருத்து. சிங்கப்பூரில் இருக்கும் என் மைத்துனரோ, காசு வாங்கினால்தான் நெரிசல் குறையும் என்று நேர் எதிராகச் சொல்கிறார். எது சரி?

20 ஆகஸ்ட், இரவு

இரண்டு வேறு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிட்டீர்கள். சாலை போட்ட செலவை யார் தருவது என்பது ஒன்று. ஒரே நேரத்தில் எல்லாரும் ரோட்டுக்கு வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது இன்னொன்று. நம் ஊர் டோல் முதல் கேள்விக்காக வந்தது. சிங்கப்பூரில் வாங்குவது இரண்டாவதற்காக. இரண்டையும் டோல் என்று சொல்லிக்கொண்டு சண்டை போட்டால் விடிய விடியப் போட்டுக்கொண்டே இருக்கலாம்.

முதலில் பாலியேக்கரையைப் பார்ப்போம். திருச்சூர் மாவட்டத்தில், தேசிய நெடுஞ்சாலை 544இல் இருக்கிறது. சேலம், கோவை, பாலக்காடு வழியாகக் கொச்சிக்குப் போகும் அதே சாலைதான். இடப்பள்ளியிலிருந்து மண்ணுத்தி வரை சுமார் 65 கிலோமீட்டருக்கு அந்த ஒரு சாவடி. வழியில் பல இடங்களில் சுரங்கப்பாதை வேலை நடக்கிறது. மெயின் ரோட்டை அடைத்துவிட்டு வண்டிகளைச் சர்வீஸ் ரோட்டில் திருப்பிவிட்டார்கள். அந்தச் சர்வீஸ் ரோடு குண்டும் குழியும். ஆகஸ்ட் 6 அன்று கேரள உயர் நீதிமன்றம் நான்கு வாரத்துக்கு வசூலை நிறுத்தியது. அதை எதிர்த்து ஆணையம் டெல்லிக்குப் போனது. 65 கிலோமீட்டரைக் கடக்க 12 மணி நேரம் ஆகிறது என்றால் ஒருவர் எதற்காக 150 ரூபாய் கட்ட வேண்டும் என்று தலைமை நீதிபதி கவாய் அமர்வு திருப்பிக் கேட்டது.

இந்த ஒரு கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. டோல் சரியா தவறா என்று அவர்கள் கேட்கவில்லை. வாங்குகிற காசுக்கு என்ன கொடுக்கிறாய் என்று கேட்டார்கள்.

21 ஆகஸ்ட்

"உச்ச நீதிமன்றம் டோலையே ரத்து செய்துவிட்டது" என்று வாட்ஸாப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. நம்ப வேண்டாம். ஒரு சாவடி, நான்கு வாரம், அதுவும் சாலை சரியில்லை என்ற காரணத்துக்காக. அவ்வளவுதான்.

வழக்கு போடலாமே என்கிறீர்கள். நம் பக்கம் ஏற்கெனவே போட்டாயிற்று. மதுரை–தூத்துக்குடி சாலையில் எலியார்பத்தி, புதூர்பாண்டியபுரம் இரண்டு சாவடிகளிலும் சாலையைச் சரிசெய்யும் வரை வசூலிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஜூன் மாதம் உத்தரவிட்டது. அடுத்த சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை கொடுத்தது. ஜூனில் கிடைக்காத ஒன்று ஆகஸ்டில் கேரளாவுக்குக் கிடைத்திருக்கிறது. தூத்துக்குடிக்காரர்களுக்கு இந்த வருத்தம் நியாயமாகவே இருக்கும்.

23 ஆகஸ்ட்

"டோல்கேட்டைத் தூக்கினால் பாதி நெரிசல் குறையும்" என்பதற்கு வருகிறேன். வாயால் பேசாமல் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

கையால் காசு வாங்கும் பூத்தில் மணிக்கு 112 வண்டி கடக்கிறது, ஃபாஸ்டாக் பூத்தில் 260 வண்டி கடக்கிறது என்று மத்திய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. தடையில்லாமல் ஓடும் நெடுஞ்சாலையில் ஒரு லேன் மணிக்கு 1,800 வண்டி வரை தாங்கும். நால்வழிச் சாலை என்றால் ஒரு திசைக்கு இரண்டு லேன், ஆக 3,600 வண்டி. அதை 260ஆல் வகுத்தால் ஏறக்குறைய 14. அதாவது சாலை முழுக் கொள்ளளவில் ஓடும்போது, ஒரு திசைக்கு 14 பூத் திறந்திருந்தால்தான் பின்னால் வரிசை சேராது. நான் பார்த்த சாவடிகளில் ஒரு பக்கத்துக்கு அதில் பாதி இருந்தாலே அதிகம். அதிலும் ஒன்றிரண்டு மூடிக் கிடக்கும்.

ஆனால் சாலை எந்நேரமும் முழுக் கொள்ளளவில் ஓடுவதில்லை. செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு 3,600 வண்டி வராது. அப்போது சாவடி பெரிய தடை இல்லை, கொஞ்சம் வேகம் குறைத்துக் கடந்துவிடலாம். தீபாவளிக்கு முந்தைய இரவும் பொங்கலுக்கு முந்தைய இரவும்தான் அந்தக் கணக்கு தலையில் இடிக்கிறது. நெடுஞ்சாலை ஆணையம் சொல்லும் சராசரியும் இதனால்தான் நம் அனுபவத்தோடு ஒட்டுவதில்லை. 2018–19இல் சராசரிக் காத்திருப்பு 8 நிமிடம், ஃபாஸ்டாக் வந்த பிறகு 47 வினாடி என்கிறார்கள். அந்தச் சராசரியில் விடியற்காலை மூன்று மணிக்குத் தனியாகக் கடக்கும் லாரியும் சேர்ந்துவிடுகிறது. திருவிழா இரவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அந்த 47 வினாடியால் என்ன பயன்?

24 ஆகஸ்ட்

சாவடியை எடுத்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கவே தேவையில்லை, சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையான ஓஎம்ஆரில் எடுத்துப் பார்த்தாயிற்று. பெருங்குடி உட்பட நான்கு இடங்களில் 2021 ஆகஸ்ட் 30 முதல் வசூலை நிறுத்தினார்கள், மெட்ரோ வேலை நடப்பதால். நாவலூரில் 2023 அக்டோபரில் நின்றது. அந்தச் சாலையில் தினமும் போய்வருகிறவன் நான். பெருங்குடி சாவடியில் நின்ற நேரம் மிச்சமானது உண்மை. மாதச் செலவும் குறைந்தது. நெரிசல் குறைந்ததா என்றால், இல்லை. சாவடியில் நின்ற வண்டி இப்போது அடுத்த யூ டர்னில் நிற்கிறது. மெட்ரோ தடுப்பு லேனைத் தின்றுவிட்டது, மழை பெய்தால் ஓரத்து லேனும் போய்விடும், சோழிங்கநல்லூர் சிக்னலில் பழைய கதைதான்.

ஒரு சாலையில் அடைப்பு நாலு இடத்தில் இருந்தால், முதல் அடைப்பை எடுத்ததும் வண்டிகள் சீக்கிரமாகப் போய் இரண்டாவதில் நிற்கும். ஜிஎஸ்டி ரோட்டில் சாதாரண நாளில் எது முதல் அடைப்பு? என்னைக் கேட்டால் பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி பக்கம்தான். நான்கு திசையிலிருந்தும் வந்து சேரும் வண்டி, நடு ரோட்டில் நின்று ஆள் ஏற்றும் பஸ், சாலையைக் கடக்க வழியில்லாமல் கையைக் காட்டிக்கொண்டே ஓடும் ஜனம். பரனூர் சாவடி இவை எல்லாவற்றுக்கும் தெற்கே இருக்கிறது. அதைத் தூக்குவதால் கூடுவாஞ்சேரியில் ஒரு வண்டி கூடக் குறையாது.

1 செப்டம்பர்

இன்று தமிழ்நாட்டில் ஒரு பகுதி சாவடிகளில் கட்டணம் ஏறிவிட்டது. மறு பகுதிக்கு ஏப்ரல் 1இல் ஏறும். எதை வைத்து ஏற்றுகிறார்கள் என்று கேட்டிருந்தார்கள். 2008ஆம் ஆண்டு கட்டண விதிகளில் இருக்கிறது. காருக்குக் கிலோமீட்டருக்கு 65 பைசா, பஸ்ஸுக்கும் லாரிக்கும் 2 ரூபாய் 20 பைசா என்பது 2007–08இன் அடிப்படை விலை. அதன்மேல் ஆண்டுக்கு 3 சதவீதம் நிச்சயமாக ஏறும். அதோடு மொத்த விலைக் குறியீடு ஏறியதில் 40 சதவீதத்தைச் சேர்ப்பார்கள். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் ஒன்றரை மடங்கு. இரு சக்கர வாகனத்துக்குக் கட்டணம் இல்லை.

இந்தக் கணக்கைக் கவனித்துப் பாருங்கள். இதில் நேரமும் இல்லை, வேகமும் இல்லை. நள்ளிரவில் காலிச் சாலையில் போனாலும் அதே காசு, தீபாவளி நெரிசலில் போனாலும் அதே காசு. நெரிசலைக் குறைக்கும் வேலையை இந்தக் கட்டணத்துக்கு யாரும் கொடுக்கவே இல்லை. செய்யாத வேலைக்காக அதைப் பாராட்டுவதும் தவறு, அந்த வேலையைச் செய்யவில்லை என்று திட்டுவதும் தவறு.

7 செப்டம்பர்

மைத்துனர் கதைக்கு வருவோம். அவர் சொல்வது உண்மை, ஆனால் பாதியைச் சொல்லியிருக்கிறார்.

சிங்கப்பூரில் 1975 ஜூனில் தொடங்கினார்கள். நகர மையத்துக்குள் காலை நேரத்தில் கார் நுழைய வேண்டுமானால் நாளுக்கு 3 டாலர் சீட்டு வாங்கிக் கண்ணாடியில் ஒட்ட வேண்டும். பஸ்ஸுக்குக் கட்டணம் இல்லை. நாலு பேர் சேர்ந்து வரும் காருக்கும் ஆரம்பத்தில் இல்லை. 1998இல் மின்னணு முறை வந்தது. மேலே வளைவு, வண்டிக்குள் சிறு கருவி, நிற்கவே வேண்டாம். கட்டணம் அரை மணிக்கு ஒரு முறை மாறும். எதைப் பார்த்து மாற்றுகிறார்கள்? வேகத்தைப் பார்த்து. விரைவுச் சாலையில் மணிக்கு 45 முதல் 65 கிலோமீட்டர், நகரச் சாலையில் 20 முதல் 30 என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். வேகம் அதற்குக் கீழே இறங்கினால் கட்டணத்தை ஏற்றுவார்கள். இலக்கை மீறி வேகமாக ஓடினால் இறக்குவார்கள். இறக்குவார்கள் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். நம் விதிகளில் 3 சதவீதம் ஏறுவதற்கு வழி இருக்கிறது, நெரிசலைப் பார்த்து இறங்குவதற்கு வழி இல்லை.

மைத்துனர் சொல்லாமல் விட்ட மறுபாதி: அங்கே கார் வாங்குவதற்கே பத்து வருட உரிமைச் சீட்டை ஏலத்தில் எடுக்க வேண்டும். அந்த விலையைக் கேட்டாலே பாதிப் பேர் பஸ் ஏறிவிடுவார்கள். அப்படி ஏறுவதற்குப் பஸ்ஸும் ரயிலும் இருக்கின்றன.

ஸ்டாக்ஹோமிலும் இதே வரிசைதான். 2006 ஜனவரி 3 முதல் ஜூலை 31 வரை சோதனையாக வசூலித்தார்கள். ஆனால் கூடுதல் பஸ்களை அதற்கு முந்தைய ஆகஸ்டிலேயே விட்டுவிட்டார்கள். நகர எல்லையைக் கடக்கும் வண்டி ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சோதனை முடிந்ததும் மறுபடி ஏறியது. செப்டம்பரில் நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது, வேண்டும் என்றவர்கள் ஜெயித்தார்கள். முதலில் பஸ், பிறகு காசு. இந்த வரிசையை மாற்றிப் போட்டால் அது வெறும் வசூல்.

8 செப்டம்பர்

"அப்படியானால் ஜிஎஸ்டி ரோட்டில் நேரத்துக்கு ஒரு கட்டணம் வைக்கலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு என் பதில் வேண்டாம். கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பர் 30இல் திறந்தார்கள். ரயில் நிலையம் இன்னும் திறக்கவில்லை. விமான நிலையத்திலிருந்து அங்கே வர வேண்டிய மெட்ரோ காகிதத்தில் இருக்கிறது. மாற்று வழி கொடுக்காமல் "நெரிசல் நேரத்தில் வராதே, வந்தால் கூடக் கொடு" என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை.

14 செப்டம்பர்

நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் இந்த விவாதத்தைப் பற்றிப் பேசினேன். அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

வாடகை பேசும்போது முதல் பேச்சே "டோல் உள்ளேயா, தனியா" என்பதுதானாம். தனி என்றால் சரக்குக்காரர் கணக்கில் போகும். உள்ளே என்றால் இவர் தலையில் விழும், அப்போது டிரைவரிடம் எந்த வழியில் போனாய் என்ற கேள்வி வரும். சில டிரைவர்கள் ஒரு சாவடியைத் தவிர்க்க ஊருக்குள் இறங்கிப் போவார்கள். பத்து டயர் லாரி பள்ளிக்கூட வாசல் வழியாகப் போகிறது. நெடுஞ்சாலை எதற்குப் போட்டோம்? இந்த லாரி ஊருக்குள் வரக் கூடாது என்றுதானே? டோல் அதைத் திரும்ப ஊருக்குள் தள்ளுகிறது. இந்தக் கோணம் எனக்கு முன்பு தோன்றவில்லை. கார்க்காரர்கள் விவாதத்தில் இது வருவதும் இல்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். "எனக்கு ராத்திரி பத்துக்கு மேல் கட்டணத்தைக் குறைக்கட்டும், நானே என் வண்டிகளை ராத்திரியில் விடுகிறேன், பகலில் உங்கள் கார் நிம்மதியாகப் போகட்டும்." நேரத்துக்கு ஒரு கட்டணம் என்பதை ஏற்றுவதாக மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தோம். குறைப்பதாகவும் யோசிக்கலாம் என்று ஒரு லாரிக்காரர் சொல்லிக்கொடுக்கிறார். 8ஆம் தேதி எழுதியதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். வேலைக்குப் போகிறவரால் நேரத்தை மாற்ற முடியாது, சரக்கு லாரியால் ஓரளவு முடியும். மாற்ற முடிகிறவருக்குச் சலுகை கொடுப்பதில் யாருக்கும் நஷ்டம் இல்லை.

28 செப்டம்பர்

அமெரிக்காவில் காசு கொடுத்தால் வேகமாகப் போகும் தனி லேன் இருக்கிறதே, அது நமக்கு வேண்டாமா என்று கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் ஊர்ப் பக்கத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஆரஞ்ச் கவுண்டியில் 91ஆம் எண் சாலை, 1995 டிசம்பரில் திறந்தார்கள். நடுவில் கட்டண லேன், இரண்டு ஓரங்களிலும் இலவச லேன். மணிக்கு மணி கட்டணம் மாறும். அவசரமாகப் போக வேண்டியவர் காசு கொடுத்து உள்ளே போகலாம். கட்டண லேன் நன்றாகவே ஓடியது.

சிக்கல் ஒப்பந்தத்தில் இருந்தது. நடத்தியது தனியார் நிறுவனம். பக்கத்து இலவச லேனை அரசு அகலப்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து. இலவச லேன் நன்றாக இருந்தால் யார் காசு கொடுத்து உள்ளே வருவார்கள்? ஆக, ஊரெல்லாம் நெரிசலில் தவித்தாலும் அரசு கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய நிலை. கடைசியில் 2003இல் கவுண்டியின் போக்குவரத்து ஆணையம் 20 கோடி டாலருக்கு மேல் கொடுத்து அந்த லேனை வாங்கித்தான் அந்த ஷரத்திலிருந்து விடுபட்டது.

தம்பி, நெரிசல் இருந்தால்தான் வருமானம் என்ற நிலைமையில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, நெரிசலைக் குறை என்று அவரிடமே சொல்ல முடியாது. நம் ஊரில் சர்வீஸ் ரோடு ஏன் இப்படிக் கிடக்கிறது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 91ஆம் எண் சாலைதான் நினைவுக்கு வருகிறது.

5 அக்டோபர்

புது அறிவிப்பு: நவம்பர் 15 முதல், ஃபாஸ்டாக் இல்லாமலோ செல்லாத டேக்குடனோ வந்தால், ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. இது நல்ல மாற்றம். டேக்கில் பிரச்சினை வருவதற்கு எப்போதும் வண்டிக்காரரே காரணம் என்று வைத்துக்கொள்வது நியாயமாக இல்லை.

என் அனுபவம் ஒன்று. கார் வீட்டு வாசலில் நிற்கிறது, போனில் ஒரு சாவடியின் பெயரோடு காசு பிடித்ததாகச் செய்தி வருகிறது. அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு அழைத்தேன், டேக் கொடுத்த வங்கியில் புகார் பதியச் சொன்னார்கள். பதிந்து, நினைவூட்டி, மறுபடி நினைவூட்டிய பிறகு பணம் வந்தது. தொகை சின்னதுதான். என்னால் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத முடிந்தது, வந்தது. ஒரு டாக்ஸி டிரைவர் ஓட்டத்துக்கு நடுவில் இதற்காக உட்கார்ந்திருப்பாரா? விட்டுவிட்டுப் போய்விடுவார். அந்தக் காசு அவருக்குச் சின்னது இல்லை.

19 அக்டோபர்

பாலியேக்கரையில் மறுபடி வசூல் தொடங்கிவிட்டது. 17ஆம் தேதி உயர் நீதிமன்றம் அனுமதித்தது. நான்கு வாரம் என்று ஆரம்பித்தது இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. இந்த இடைவெளியில் சாலை வேலை நடந்தது என்பதே எனக்குப் பெரிய சேதி. வருமானம் நின்றால் வேலை நடக்கிறது.

நேற்று இரவு நாங்களும் ஊருக்குக் கிளம்பினோம், தீபாவளிக்கு. திருச்சி போகும் வழியில் ஒரு சாவடி. அங்கே நின்று பார்த்ததை எழுதுகிறேன்.

எங்களுக்கு முன்னால் ஒரு வேன். டேக் படிக்கவில்லை. கையில் கருவியோடு ஒரு பையன் ஓடி வந்தான், இருபது வயது இருக்கும். கண்ணாடியில் ஒட்டியிருந்த டேக்கின் ஒரு முனை சுருண்டிருந்தது. சக்கரத்தின் மேல் ஒரு காலை வைத்து ஏறி, உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கருவியைக் காட்டினான். படிக்கவில்லை. வேனை இரண்டடி பின்னால் எடுக்கச் சொன்னான், பின்னால் எங்கள் கார், எடுக்க இடமில்லை. எல்லாரும் ஹார்ன் அடிக்கிறார்கள். அந்தப் பையனுக்குப் பின்கழுத்தெல்லாம் வேர்வை. கடைசியில் பச்சை விழுந்தது, கம்பு தூக்கியது. அவன் அடுத்த லேனுக்கு ஓடினான்.

பக்கத்து லேனில் அரசு பஸ். படிக்கட்டு வரை ஆள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் இறங்கி, ரோட்டோரத்தில் தண்ணீர் பாக்கெட் வாங்கிக்கொண்டு, நடந்தே வந்து அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டார். அறுபது எழுபது பேர் இருக்கும் பஸ்ஸும், மூன்று பேர் இருக்கும் எங்கள் காரும், ஒருவர் மட்டும் இருக்கும் முன் வரிசைக் காரும் ஒரே மரியாதையில் நிற்கிறோம்.

கம்பைத் தாண்டி இருநூறு மீட்டர் போனதும் சாலை காலி. எண்பதில் போனோம். ஆகஸ்ட் 23இல் போட்ட கணக்கு நேற்று கண்ணெதிரே நின்றது. திருவிழா இரவில் அடைப்பு சாவடிதான், சந்தேகமே இல்லை.

22 அக்டோபர்

திரும்பி வந்தாயிற்று. செவ்வாய் இரவு, மழை வேறு. இந்த முறை சாவடிகளில் அதிகம் நிற்கவில்லை. கிளாம்பாக்கம் தொடங்கிப் பெருங்களத்தூர் வரை ஊர்ந்தோம். அங்கே எந்தக் கம்பும் இல்லை, யாரும் காசு கேட்கவும் இல்லை. போகும்போது சாவடி, வரும்போது ஊர் வாசல். மறைமலை நகர் நண்பரே, உங்கள் கேள்விக்கான பதில் இந்த இரண்டு இரவுகளுக்குள் இருக்கிறது. ஆண்டில் சில இரவுகளுக்கு நீங்கள் சொல்வது சரி. மற்ற நாட்களுக்குச் சரியில்லை.

அந்தச் சில இரவுகளுக்கு மருந்து ஏற்கெனவே இருந்தது. 2021 மே மாதம் ஆணையமே ஒரு நெறிமுறை வெளியிட்டது. சாவடியிலிருந்து 100 மீட்டரில் ஒவ்வொரு லேனிலும் மஞ்சள் கோடு போட வேண்டும். வரிசை அந்தக் கோட்டைத் தாண்டினால், கோட்டுக்குள் திரும்பும் வரை வண்டிகளைக் காசில்லாமல் விட வேண்டும். 2024இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இருந்தபோதும் எத்தனை சாவடிகளில் கம்பைத் தூக்கிவிட்டார்கள்? கோடு வரைந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன், தூக்கிவிட்டதைப் பார்த்ததில்லை.

இன்று வழக்கு போட ஒருவர் தயாராக இருந்தால், டோலையே எடு என்று கேட்க வேண்டாம். அந்த 100 மீட்டர் விதியைத் திருப்பிக் கொடு, கேமரா வைத்து அளந்து தானாகக் கம்பைத் தூக்கு என்று கேட்கட்டும். மேலாளர் மனம் வைத்தால்தான் நடக்கும் என்ற நிலை இருக்கவே கூடாது. பாலியேக்கரையில் நீதிபதிகள் கேட்ட கேள்வியை ஒவ்வொரு சாவடியிலும் ஒவ்வொரு மணி நேரமும் இந்தக் கோடு கேட்கும்.

24 அக்டோபர்

உள்ளூர்க்காரர்களைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று திருமங்கலத்திலிருந்து கோபமாக ஒரு குறிப்பு வந்திருக்கிறது. கோபம் நியாயம்தான். கப்பலூர் சாவடி ஊர் எல்லையை ஒட்டி இருக்கிறது. நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சாவடி வைக்கக் கூடாது என்பது பொது விதி, ஆனால் விதிவிலக்குக்கும் அதே விதியில் இடம் வைத்திருக்கிறார்கள். 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவரின் சொந்தக் காருக்கு மாதப் பாஸ் உண்டு, சுமார் 350 ரூபாய். நெடுஞ்சாலையில் தொலைதூரம் போகாமல், தோட்டத்துக்கும் பஞ்சாயத்து ஆபீசுக்கும் போய்வருகிறவர் எதற்காக மாதம் 350 கட்ட வேண்டும் என்கிறார். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவர் சொல்வது சரி.

ஆகஸ்ட் 15இல் வந்த 3,000 ரூபாய் ஆண்டுப் பாஸ் பற்றியும் கேட்டிருந்தார்கள். 200 முறை கடக்கலாம், தனியார் கார், ஜீப், வேனுக்கு மட்டும். வாரா வாரம் ஊருக்குப் போகிறவருக்கு நல்ல மிச்சம். டாக்ஸிக்கும் பஸ்ஸுக்கும் லாரிக்கும் கிடையாது. சொந்தக் காரில் போகிறவருக்குச் சலுகை, பஸ்ஸில் போகிற எழுபது பேருக்கு ஒன்றுமில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

அந்தப் பஸ்ஸின் டோல் எவ்வளவு சேர்கிறது தெரியுமா? கப்பலூர், சாலைபுதூர், எட்டூர்வட்டம், நாங்குநேரி ஆகிய நான்கு சாவடிகளில் மட்டும் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வைத்த பாக்கி 276 கோடி. ஜூலையில் அந்த வழியாக அரசு பஸ்ஸையே விடக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லும் அளவுக்குப் போனது, பிறகு அரசு பேசித்தான் தடை நின்றது. பஸ் டிக்கெட்டில் போகும் ஏழையின் பணத்தை எடுத்து இன்னொரு அரசு அமைப்புக்குக் கொடுப்பதுதான் இது. நெரிசலைக் குறைக்க வேண்டும் என்று மனதார நினைத்தால் முதலில் பஸ்ஸுக்கு டோலை எடுக்க வேண்டும். அப்புறம் பஸ்ஸுக்கு ஒரு தனி பூத்.

2 நவம்பர்

பஸ்ஸுக்குத் தனி பூத் என்றதும் இரண்டு பேர் எதிர்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே பூத் போதவில்லை, அதிலும் ஒன்றைப் பிடுங்கினால் கார் வரிசை இன்னும் நீளுமே என்கிறார்கள். நீளும்தான். ஆனால் ஆள் கணக்கில் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் 260 கார் கடந்தால், காருக்கு மூன்று பேர் என்றாலும் 780 பேர். அதே பூத்தில் தீபாவளி இரவு மணிக்கு நூறு பஸ் கடந்தாலே, பஸ்ஸுக்கு ஐம்பது பேர் வைத்து 5,000 பேர். கார் வைத்திருக்கும் நாம் பத்து நிமிடம் கூடுதலாக நிற்கலாம். பஸ் சீக்கிரம் போகிறது என்று தெரிந்தால் அடுத்த வருடம் நம்மில் சிலரே பஸ் ஏறுவோம். நான் ஏறுவேன்.

16 நவம்பர்

யுபிஐ ஒன்றேகால் மடங்கு நேற்று அமலுக்கு வந்துவிட்டது.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஒரு உதவி செய்யுங்கள். வண்டி ஓட்டுபவர் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் குறித்துக்கொள்ளட்டும்: எந்தச் சாவடி, எந்தப் பக்கம், வரிசையின் கடைசியில் சேர்ந்த நேரம், கம்பைத் தாண்டிய நேரம், எத்தனை பூத் திறந்திருந்தது, பக்கத்தில் பஸ் நின்றதா. டேக்கில் காசு பிடித்த செய்தியை அழிக்காதீர்கள், கம்பைத் தாண்டிய நேரத்துக்கு அதுவே சாட்சி. இங்கே எழுதுங்கள், நான் சாவடி வாரியாகத் தொகுக்கிறேன். 100 மீட்டர் விதியைத் திரும்பக் கேட்டு மனு எழுதித் தர வழக்கறிஞர் நண்பர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் முதலில் கேட்டது இந்தப் பட்டியலைத்தான்.